பால்குடச் சேலைக்குப் பணம் அனுப்பிய புதன்கிழமை

மேரு, கிள்ளான்
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சிந்துவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அவரவர் மாத்திரைகளோடு நலமாக இருக்கிறோம். டப்ளினில் நீயும் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறாய், ஈரத்தலையோடு வேலைக்கு ஓடுவதில்லை என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் திருத்த வேண்டாம், நான் நம்பிவிட்டுப் போகிறேன். முறுக்குப் பொட்டலத்துக்குள் கடிதம் எதற்கு, வாட்சாப் இல்லையா என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவார், நீயும் பாதியில் சிரித்துவிடுவாய். இந்தக் கதையில் நான் கடைசிவரை போக வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு மறுபடியும் கால் கட்டைவிரல் வீங்கிவிட்டது. யூரிக் ஆசிட் என்று டாக்டர் சொன்னார், செருப்பு சரியில்லை என்று இவர் சொல்கிறார். ஆட்டுக்கறியை விடுவதைவிடச் செருப்பை மாற்றுவது சுலபம் என்பதால் இப்போது வாசலில் மூன்று ஜோடி புதுச் செருப்பு கிடக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடி கடைசி வெள்ளிக்கு நம் கோயிலில் பால்குடம். இந்த வருஷம் மாதர் குழுவில் முப்பத்தாறு பேரும் ஒரே மாதிரி மஞ்சள் சேலை, சிவப்புக் கரை கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. முடிவு செய்தது உன் லெட்சுமி அத்தை. அத்தனை தூரத்தில் சுங்கை வேயில் குடியிருந்துகொண்டு மேரு கோயிலை நடத்த அவரால்தான் முடியும். கிள்ளான் கடைகளில் விலை கேட்டுவிட்டு, "இந்த வெலைக்கு அம்மனே கட்ட மாட்டா லா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அப்புறம் பேஸ்புக்கில் சேலத்துப் பக்கத்துக் கண்ணம்மாவைக் கண்டுபிடித்தார். கண்ணம்மா வீட்டிலேயே விசைத்தறி வைத்திருக்கும் பெண். தினமும் சாயங்காலம் போனை ஒரு பானைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு நேரலையில் சேலைகளைப் பிரித்துப் பிரித்துக் காட்டுவாள். ஊருக்குப் போய் வந்த ஒருவர் மாதிரிக்கு ஒரு சேலை வாங்கி வந்தார். துணி நன்றாகவே இருந்தது. அதன்பிறகு அத்தைக்கும் கண்ணம்மாவுக்கும் இரண்டு சாயங்காலம் போனில் பேரம் நடந்தது. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். சேலைக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி அத்தை தன் பிரஷர், சுகர், மாமா இறந்தது எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். கண்ணம்மா அந்தப் பக்கம் நூல் விலை, கரண்ட் பில், மகளின் காலேஜ் பீஸ் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். கடைசியில் மூன்று ரூபாய் குறைந்தது. இருவரும் ஜெயித்ததாகவே நினைத்துக்கொண்டு போனை வைத்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் அத்தை ஒரு காரியம் செய்தார். அன்றைய நேரலையின் கீழே ஊரே பார்க்கும்படி எழுதினார்: மேரு அம்மன் கோயில் மாதர் குழு, முப்பத்தாறு சேலை, புதன்கிழமை பணம் அனுப்புகிறோம், இப்படிக்கு லெட்சுமி. கீழே தன் போன் நம்பர். ஏன் அண்ணி என்று கேட்டதற்கு, "கோயில் பேரு நாலு பேருக்குத் தெரியட்டுமே மலரு" என்றார். தெரிந்துவிட்டது. மறுநாள் காலை புது நம்பரிலிருந்து ஒரு செய்தி. கண்ணம்மாவின் தம்பி ராஜேஷ்குமார் பேசுகிறானாம். அக்காவின் வங்கிக் கணக்கில் ஏதோ தணிக்கை நடப்பதால் இந்த ஒரு தடவை மட்டும் தன் கணக்குக்குப் பணத்தை அனுப்பச் சொன்னாளாம். முகப்புப் படத்தில் அதே கடை, அதே பானை. எவ்வளவு என்று அவன் கேட்கக்கூட இல்லை, அத்தையே சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் நீ என்னைப் பார்த்து, "அம்மா, நீங்களா?" என்று கேட்பாய். நானேதான். ஷா ஆலம் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகக் கொள்முதல் பிரிவில் இருப்பவள், விற்பவர்களைச் சரிபார்ப்பதற்கே சம்பளம் வாங்குபவள். அது போதாதென்று போன மாசம் கோயில் மண்டபத்தில் "இணைய மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி" என்று அரை மணி நேரம் பேசிச் சால்வையும் வாங்கியவள். நான் பேசியபடியே செய்தேன். பில் கேட்டேன், அனுப்பினான். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் கேட்டேன், அனுப்பினான். அடையாள அட்டை கேட்டேன், அதுவும் வந்தது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. ஆபீஸில் எங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் நிஜமான ஆட்கள்கூட இவ்வளவு ஒழுங்காகக் காகிதம் கொடுத்ததில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பணமோ என்னுடையது இல்லை, குழுப் பெண்கள் சேர்த்தது. நல்லம்மாள் அக்கா நாசி லெமாக் விற்று வாரா வாரம் கசங்கிய ஒற்றை வெள்ளி நோட்டுகளாகக் கொண்டுவந்து கொடுத்ததும் அதில் இருந்தது. அது தொலைந்தால் பால்குடமும் இல்லை, அந்த மண்டபத்துக்குள் நான் மறுபடி நுழையவும் முடியாது.

கண்ணம்மாவிடம் வெளிநாட்டுக் கார்டில் பணம் வாங்க வசதியில்லை. நம்மிடம் இருந்ததும் ரொக்கம். அதனால் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் இருக்கும் பணம் அனுப்பும் கடைக்கே போய்விடுவது என்று முடிவு செய்தோம். எந்த நேரத்தில் அனுப்புவது என்பதில்தான் வீடு இரண்டானது. அம்மன் காசு ராகு காலத்தில் கிளம்பக் கூடாது என்றார் அத்தை. புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை, அதை விட்டுவிடலாம் என்றேன். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வருஷம் முழுவதும் சொல்லும் உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். "பணம் இங்கருந்து கெளம்புது, போய்ச் சேர்றது இந்தியாவுல. அங்கயும் ராகு காலம் இருக்குல்ல? அங்க பன்னெண்டுன்னா இங்க ரெண்டரை" என்றார். அத்தை தன் தம்பியை அப்படிப் பெருமையாகப் பார்த்து நான் கண்டதே இல்லை. ஆக, பன்னிரண்டுக்கு முன்னால் அனுப்ப வேண்டும். தவறினால் மலேசிய ராகு முடிந்து இந்திய ராகு தொடங்குவதற்குள் அனுப்ப வேண்டும். கொள்முதல் பிரிவில் இப்படி ஒரு கெடுவை எந்தக் கப்பல் கம்பெனியும் எனக்கு வைத்ததில்லை.

நான் அரை நாள் லீவு போட்டேன். பதினொன்றரைக்குக் கிள்ளான் போய்விட்டோம், ஆனால் கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. கடைக்குள் நுழைந்தால் சம்பள வாரம், வரிசை வாசல்வரை நிற்கிறது. நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நம்பர் அழைக்கப்பட்டபோது மணி பன்னிரண்டைத் தாண்டி ஐந்து நிமிஷம். நான் எழுந்தேன். அத்தை என் சேலைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அடுத்த நம்பர் வைத்திருந்த ஒரு வெல்டர் தம்பியிடம், "நீங்க போங்க தம்பி, எங்களுக்கு அவசரம் இல்ல" என்றார். அதற்குப் பின்னால் இருந்தவருக்கும் வழிவிட்டார். கவுண்டரில் இருந்த ஷாஹுல் ஹமீது ராமநாதபுரத்துப் பிள்ளை, பொறுமைசாலி. மூன்றாவது ஆளுக்கும் வழிவிட்டபோது, "அக்கா, நீங்க பணம் அனுப்ப வந்தீங்களா, இல்ல ஏர்கோன்ல ஒக்கார வந்தீங்களா?" என்று கேட்டான். ராகு காலம் என்று அத்தை சொல்ல, "அப்ப ஒன்றரைக்கு வாங்க... ஐயோ, ஒண்ணுலேருந்து ரெண்டு எனக்குச் சாப்பாடுக்கா" என்றான். மிச்சம் இருந்தது இரண்டிலிருந்து இரண்டரை.

பக்கத்துக் கடையில் போய் உட்கார்ந்தோம். விரதம் என்பதால் தோசை, குடிக்கத் தே தாரிக். பணப்பை என் மடியில், அதன்மேல் என் இரண்டு கையும். அத்தைக்குச் சும்மா உட்கார வராது என்று உனக்குத் தெரியும். தோசை வருவதற்குள் போனை வாயருகே வைத்து ராஜேஷ்குமாருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்: "தம்பி, முப்பத்தாறு எடுக்குறோம், அம்மன் காரியம், சேலைக்கு ஒரு அம்பது ரூபா கொறச்சிக்குங்க." நான் தலையில் அடித்துக்கொண்டேன். விலைதான் முடிந்துவிட்டதே அண்ணி, இரண்டு சாயங்காலம் பேசினீர்களே என்றேன். "கேக்குறதுல என்னா போச்சு?" என்றார். அடுத்த நிமிஷம் பதில் வந்தது: சரிக்கா, கொறச்சுக்கலாம். அத்தை முகம் மலர்ந்தது. அக்காவிடம் மூன்று ரூபாய், தம்பியிடம் ஐம்பது. உடனே ரவிக்கைத் துணி இலவசமாக வேண்டும் என்றார். சரிக்கா. முந்தானைக் குஞ்சம் கட்டித் தர வேண்டும் என்றார். தந்துடலாம்கா. தபால் செலவு? நாங்க பாத்துக்குறோம்கா. தோசை ஆறிக்கொண்டிருந்தது. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: மேலே நாலு சேலை சும்மா. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பூங்கொத்துப் படத்தோடு பதில் வந்தது. சரிக்கா, அம்மனுக்குத்தானே.

அத்தை போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை. யாரோ அவமானப்படுத்திவிட்டது போல் உட்கார்ந்திருந்தார். நான் என்ன என்று கேட்க, "ஏன் மலரு, இவன் ஒரு தடவையாச்சும் கட்டுப்படியாகாதுக்கான்னு சொன்னானா?" என்றார். இல்லை என்றேன். "வாங்குன வெலகூட வரலன்னு சொன்னானா? என் பொழப்பு போச்சுன்னு அழுதானா?" அதுவும் இல்லை. "அப்ப இவன் யாவாரியே இல்ல லா!" என்று மேசையைத் தட்டினார். தே தாரிக் சிந்தியது.

சிந்து, அந்தத் தட்டலில்தான் எனக்கு ஒரு வாரமாக இல்லாத புத்தி வந்தது. அவன் கொடுத்த காகிதங்களை அவன் கொடுத்த காகிதங்களோடுதான் நான் ஒப்பிட்டிருக்கிறேன். பில், வங்கிப் புத்தகம், அட்டை மூன்றும் ஒரே கையிலிருந்து வந்தவை, பொருந்தாமல் என்ன செய்யும்? கண்ணம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தம்பி என்றானே, அந்த ஒரு சொல்லில் அடங்கிப் போய்விட்டேன். வீட்டுத் தொழிலில் தம்பி கணக்கைப் பார்ப்பது சகஜம்தானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மாதிரிச் சேலை வந்த துணிப்பையில்தான் அன்று பணத்தைப் போட்டு எடுத்து வந்திருந்தேன். அதில் கடை நம்பர் அச்சடித்திருந்தது. இவ்வளவு நேரமும் அதன்மேல்தான் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நம்பரை அழைத்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவே கண்ணம்மா எடுத்தாள். நான் பாதி சொல்வதற்குள், "தம்பியா? எனக்குத் தம்பியே கெடையாதுங்கக்கா! கூடப்பொறந்தது மூணும் பொம்பளைங்க! யாருக்காச்சும் அனுப்பிப்போட்டீங்களா?" என்று அலறினாள். இல்லை என்றதும் அந்தப் பக்கம் தறி நின்றது. நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன். அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "கண்ணம்மா, அந்தத் திருட்டுப்பய அம்பது ரூபா கொறைக்கிறேன்னு சொல்றான். நீ என்னா கொறைப்ப?" என்றார். "ஐயோ, கட்டுப்படியாகாதுங்கக்கா! திருடனுக்கென்ன, அவன் நூலா வாங்குறான்?" என்று கண்ணம்மா கத்தியது பக்கத்து மேசைக்கே கேட்டது. அத்தை முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "இவதான் மலரு, சந்தேகமே இல்ல" என்றார்.

இரண்டு மணிக்கு ஷாஹுல் ஹமீது முன்னால் போய் நின்றோம். நடந்ததைச் சொன்னோம். "காரணம் குடும்பச் செலவுன்னு போட்டா சட்டுனு போய்டும், போடவாக்கா?" என்று அவன் கேட்டான். வேண்டாம், சரக்கு வாங்குவதற்கு என்று உள்ளதை உள்ளபடி போடு, நாளைக்கு ஒன்று என்றால் கேட்க நமக்கு வாய் வேண்டும் என்றேன். கண்ணம்மா தன் பெயரில் உள்ள கணக்கையும் பில்லையும் அனுப்பியிருந்தாள். கணக்கு எண்ணைப் போனில் அவள் வாயால் இரண்டு தடவை சொல்ல வைத்து நான் இலக்கம் இலக்கமாகப் பார்த்தேன். முதலில் ஒரு சேலைக்கு மட்டும் அனுப்பு, அவள் கைக்குப் போனதா என்று பார்த்துவிட்டு மிச்சம் என்றேன். ரெண்டு தடவை கட்டணம் ஆகும் என்றான். ஆகட்டும் என்றேன். அனுப்பினான். காத்திருந்தோம். சுவர்க் கடிகாரம் இரண்டரையை நோக்கிப் போனது. நான் அத்தையைப் பார்த்தேன், அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். வந்துவிட்டது என்று கண்ணம்மா அழைத்தபோது இந்தியாவில் ராகு காலம் பிறந்து ஏழெட்டு நிமிஷம் ஆகிவிட்டது. நாளைக்கு வரலாமா அண்ணி என்றேன். அத்தை ஒரு நொடி யோசித்தார். "திருடனையே பாத்தாச்சு, ராகு என்னா பெரிய ராகு? அனுப்பு தம்பி" என்றார். இதை உன் அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. இரண்டு நாட்டு ராகுவுக்கும் தப்பித்துப் பணம் போனதாக அவர் ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார்.

சேலைகள் போன வாரம் வந்து சேர்ந்தன, முப்பத்தாறும் ஒரே மஞ்சள். ரவிக்கைத் துணி இல்லை, குஞ்சம் இல்லை, சும்மா சேலையும் இல்லை. பிரிக்கும்போது அத்தை திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் ராஜேஷ்குமாரை விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போலீஸில் புகார் கொடுத்தோம், நம்பரைத் தடுத்துவிடுங்கள் என்று நானும் சொன்னேன். தடுக்கவில்லை. அவன் தினமும் காலை வணக்கம் அனுப்புகிறான், இவர் தினமும் பேரம் பேசுகிறார். நேற்றுவரை எழுபது சேலை, ஒரு கிரைண்டர், அத்தைக்குப் போக வர விமான டிக்கெட் வரைக்கும் சரிக்கா சொல்லியிருக்கிறான். பணம் எப்பக்கா வரும் என்று கேட்டால், "ராகு காலம் முடியட்டும் தம்பி" என்கிறாராம்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் சேலைகளைக் கொடுத்தபோது நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். அத்தை வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பணம் பத்திரமாகப் போய்விட்டது, வெளியே தெரியவும் போவதில்லை. ஆனால் சால்வையை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை. சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான், தீர்ந்தேன் என்று நினைத்தேன். அப்போது நல்லம்மாள் அக்கா, மடியில் சேலையை வைத்தபடி, இடுப்பு வலிக்கு இணையத்தில் மசாஜ் நாற்காலி வாங்கியதாகவும், வந்தது பொம்மைக்குப் போடும் அளவு நாற்காலி என்றும் மெதுவாகச் சொன்னார். "எம்மவனுக்கே இன்னும் தெரியாது" என்றார். குழுவில் இருக்கும் தாமரை ஒரு நாய்க்குட்டிக்கு மூன்று தவணை கட்டியிருக்கிறாள். முதலில் குட்டிக்கு, பிறகு அதன் ஊசிக்கு, பிறகு அதன் பாஸ்போர்ட்டுக்கு. ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ராதாகிருஷ்ணன் மாமா, விபூதித் தட்டோடு வாசலில் நின்றவர், "டுரியான்" என்று, தான் ஏமாந்த பழத்தின் பேரை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் வீட்டில் சொன்னதில்லை. போன பணத்தைவிட, சொன்னால் என்ன நினைப்பார்கள் என்பதைத்தான் இத்தனை நாளும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் உன் நினைப்பு வந்தது. நீ அங்கே போன புதிதில் அறைக்கு முன்பணம் என்று அப்பாவிடம் கேட்டாய். பத்து நாளில் வேறு அறைக்கு முன்பணம் என்று மறுபடி கேட்டாய். வீட்டுக்காரர் மனசு மாறிவிட்டார் என்றாய். அப்பா அனுப்பிவிட்டார், நான் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் உண்மையிலேயே மனசு மாறியிருக்கலாம். ஆனால் யாரும் கேட்காமலே அந்த முதல் பணத்தை மட்டும் மாசா மாசம் கொஞ்சமாகத் திருப்பி அனுப்பினாயே, அந்த வருஷம்தான் நீ இளைத்தாய். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானும் நம்பினேன். இப்போது நம்பவில்லை. நீ சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. சொல்லத் தோன்றினால் என்னிடம் சொல். சிரிக்கும் இடம் வந்தால் சேர்ந்து சிரிப்போம், இல்லாவிட்டால் நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். அப்பாவிடம் சொன்னாலும் சரிதான், செருப்பைத்தான் குறை சொல்வார். அத்தையிடம் மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஆளின் நம்பரைக் கேட்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். முறுக்கை ஒரே நாளில் தீர்க்காதே, கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. சேலைக்காரியானாலும் வீட்டுக்காரரானாலும், பணம் அனுப்பும் முன் நீயாகத் தேடிப் பிடித்த நம்பரில் ஒரு தடவை குரலைக் கேள். பால்குடத்தன்று உன் பேருக்கும் சேர்த்து ஒரு குடம் நான் எடுக்கிறேன், இரண்டு குடம் கனம்தான், பரவாயில்லை. அம்மன் உன்னை எந்த ஊரிலும் நல்லவர்கள் நடுவே வைத்திருக்கட்டும்.

என்றும் உன் அருகில் இருக்கும்
அம்மா மலர்விழி